மெலனீசியச் சந்தைகளில் கைவினைப் பொருள் வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மெலனீசியாவில் கைவினைப் பொருள் வாங்க நினைப்பவர்கள் எந்தச் சந்தைக்குப் போகலாம் என்றுதான் முதலில் தேடுகிறார்கள். நான் சொல்வது அதற்கு நேர் எதிர். ஊர் திரும்பும்போது நிற்கப்போகும் சுங்க மேசையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். இந்தத் தீவுகளில் விற்பவை மரம், நார், சிப்பி, இறகு, பல், விதை என்று காட்டிலும் கடலிலும் கிடைத்தவை. கண்ணைப் பறிக்கிற பொருள்தான் பல நேரம் விமான நிலையத்தில் பறிபோகிறது. எதை வாங்கக் கூடாது என்று தெரிந்துவிட்டால், எதை வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, ஃபிஜி, நியூ கலிடோனியா ஆகியவை சேர்ந்த பகுதிதான் மெலனீசியா. இந்தோனேசியாவின் பப்புவாவையும் இதோடு சேர்ப்பார்கள். பப்புவா நியூ கினியில் மட்டும் 800-க்கு மேற்பட்ட மொழிகள், வனுவாட்டுவில் 100-க்கு மேல். கைவினையும் அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. ஒரு தீவில் செய்வதை அடுத்த தீவில் செய்யமாட்டார்கள். சில வடிவங்களைச் செய்ய அவர்களுக்கு உரிமையும் இல்லை. எந்தத் தீவு, எந்த ஊர் என்று சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் எதையும் வாங்க வேண்டாம். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே பாதி ஏமாற்றுகளைத் தவிர்த்துவிடலாம்.

படி 1: வாங்கக் கூடாதவற்றின் பட்டியல்

அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தைச் சுருக்கமாக சைட்டிஸ் என்பார்கள். இந்தியாவும் அதில் இருக்கிறது, 2022-ல் திருத்தப்பட்ட நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் அது சேர்ந்துவிட்டது. அந்த ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பவற்றைச் சுற்றுலாப் பயணி தொடவே கூடாது. கடல் ஆமை ஓட்டில் செய்த வளையல், சீப்பு, மோதிரம் இந்த வகை. ஃபிஜியில் 'தம்புவா' என்று ஒன்று உண்டு. மெருகேற்றிய திமிங்கலப் பல், இரண்டு முனையிலும் கயிறு கட்டியது. திருமணம் பேசவும் மன்னிப்புக் கேட்கவும் அதைக் கொடுப்பது அங்கே மிகப் பெரிய மரியாதை. யாராவது விற்க வந்தாலும் பார்த்துவிட்டு நகருங்கள்.

இரண்டாவது பட்டியல் கொஞ்சம் சிக்கலானது. அனுமதிச் சீட்டு இருந்தால் கொண்டுபோகலாம், இல்லாவிட்டால் மாட்டிக்கொள்ளலாம். நியூ கினியின் பாரடைஸ் பறவை இறகுகள், கருப்புப் பவளம், பெருஞ்சிப்பி, முதலைத் தோல் எல்லாம் இதில் வரும். பலருக்குத் தெரியாத இரண்டு உண்டு. ஒன்று, வனுவாட்டுவின் ஆம்ப்ரிம் தீவில் மரப்பெரணியின் தண்டில் செதுக்கும் உருவங்கள். அந்தப் பெரணி இனமே பட்டியலில் இருக்கிறது. இன்னொன்று நாட்டிலஸ் சிப்பி. 2017 முதல் பட்டியலில் உள்ளது. சாலமன் தீவுச் சிற்பங்களில் பளபளவென்று பதித்திருப்பது பெரும்பாலும் இதுதான். அதற்காக அந்தச் சிற்பங்களை வாங்கவே கூடாது என்பதில்லை. என்ன சிப்பி என்று கேளுங்கள், அனுமதிச் சீட்டு கிடைக்குமா என்று கேளுங்கள். மரத்தை மட்டும் செதுக்கியதும் நிறையவே கிடைக்கும்.

டால்பின் பற்களைக் கோத்த மாலை சாலமன் தீவுகளின் மலைத்தாவில் இன்றும் பரிசமாகக் கொடுக்கப்படுகிறது. அழகுதான், ஆனால் அது அங்கேயே இருக்கட்டும்.

பழம்பொருள் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பப்புவா நியூ கினியில் 1965-லேயே பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பழைய சடங்குப் பொருள்களை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக போர்ட் மோர்ஸ்பியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் அனுமதி வேண்டும். "தாத்தா காலத்து முகமூடி" என்று ஒருவர் சொன்னால் அது பொய்யாக இருந்தாலும் நட்டம், உண்மையாக இருந்தாலும் நட்டம். புதிதாகச் செய்ததை, செய்தவர் கையிலிருந்து வாங்குவதுதான் நிம்மதி.

படி 2: எந்த ஊரில் எது என்று முடிவு செய்தல்

பப்புவா நியூ கினிக்குப் போகிறவர் ஒரே ஒரு பொருள்தான் வாங்கப் போகிறார் என்றால் அது பிலும் பையாக இருக்கட்டும். முடிச்சே போடாமல், ஒற்றை நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டே போய்ச் செய்கிற பை அது. 'துலிப்' என்று அங்கே சொல்லும் மரத்தின் உள்பட்டையை உரித்து, காயவைத்து, கிழித்து, தொடையில் வைத்து உருட்டித் திரித்து நூலாக்குகிறார்கள். நூல் தீரத் தீர அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் நாரைச் சேர்த்துத் திரிப்பதால் பை முழுவதும் ஒரே நூல்தான். ஊசி ஒரு காலத்தில் பழந்தின்னி வௌவாலின் இறக்கை எலும்பு. இப்போது உடைந்த குடையின் கம்பியைத் தேய்த்து எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணிகள் ஒரே அளவில் வர ஒரு தாழை ஓலைத் துண்டை அளவுகோலாக இடையில் வைத்துக்கொண்டே பின்னுவார்கள். ஒரு நல்ல நார் பிலும் முடிய வாரக்கணக்கில் ஆகும். பேருந்தில், தேவாலயத் திண்ணையில், கடை வாசலில் என்று எங்கு உட்கார்ந்தாலும் பெண்களின் கை அதில் ஓடிக்கொண்டே இருக்கும். நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக் கிழங்கும் விறகும் சுமக்கிறார்கள். பச்சைக் குழந்தையும் அதற்குள்தான் தூங்கும்.

கொரோக்கா, மவுண்ட் ஹேகன் போன்ற மலைநகரங்களில் சாலையோர வேலிகளில் வரிசையாக மாட்டி விற்பார்கள். இப்போது கடையில் வாங்கிய கம்பளி நூலில் செய்வதுதான் அதிகம். பளிச்சென்ற நிறங்கள், புதுப்புது வடிவங்கள். அதைப் போலி என்று ஒதுக்க வேண்டாம். அங்குள்ள பெண்களே விரும்பிச் சுமப்பது அதைத்தான். நார் பை வேண்டும் என்றால் தனியாகக் கேளுங்கள், விலையும் கூடும். எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியப் பப்புவாவில் இதன் உறவுக்காரப் பை 'நோக்கென்'. அதை யுனெஸ்கோ 2012-ல் உடனடியாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

மரச்சிற்பம் வேண்டும் என்றால் செபிக் ஆற்றுப் பகுதி. முகமூடிகள், கொக்கி வைத்த தொங்கு பலகைகள், கம்போட் ஊரின் கதைப் பலகைகள், சாம்ப்ரி ஏரிக்கரை அய்போம் ஊர்ப் பெண்கள் கையால் வளைத்துச் செய்யும் மண்பானைகள் என்று பட்டியல் நீளும். ஆற்றுக்குப் போவது செலவும் நாளும் பிடிக்கிற காரியம். போக முடியாதவர்களுக்காகப் போர்ட் மோர்ஸ்பியில் கிடங்கு மாதிரியான கடைகள் இருக்கின்றன. ஆகஸ்டில் மவுண்ட் ஹேகன் திருவிழா, செப்டம்பரில் நாட்டின் விடுதலை நாளான 16-ஆம் தேதியை ஒட்டி 1957 முதல் நடக்கும் கொரோக்கா திருவிழா. இந்த இரண்டுக்கும் பல மாகாணங்களிலிருந்து ஆட்கள் பொருளோடு வருவார்கள். தங்குமிடத்தை மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

நியூ பிரிட்டன் தீவின் கொக்கோப்போ சந்தையையும் சொல்லாமல் விட முடியாது. 1994 எரிமலை வெடிப்பு ரபாவுல் நகரைச் சாம்பலில் மூடிய பிறகு மாகாணத் தலைநகராக வளர்ந்த ஊர் இது. தோலாய் மக்களின் சிப்பிப் பணமான 'தம்பு' இன்றும் இங்கே செல்லும். பொடிச் சிப்பிகளைப் பிரம்பு இழையில் கோத்து, இரு கைகளையும் விரித்த நீளத்தை அளவாக வைத்து அளப்பார்கள். காட்சிப் பொருளாக அல்ல, நடப்புப் பணமாகவே அது கைமாறுவதைப் பார்க்கலாம்.

சாலமன் தீவுகளில் என் முதல் பரிந்துரையும் சிப்பிப் பணம்தான். மலைத்தா தீவின் மேற்குக் கரையில், அவுக்கி ஊருக்குத் தெற்கே லங்காலங்கா காயல் இருக்கிறது. அங்குள்ளவர்கள் சிப்பியை உடைத்து வட்டத் துண்டுகளாகத் தட்டி, மரக்கட்டையில் பதித்துக் கல்லில் தேய்த்துத் தட்டையாக்கி, துளையிட்டு, நூலில் கோத்து மறுபடியும் கல்லில் உருட்டித் தேய்க்கிறார்கள். சிவப்பு மணிக்காகச் சில சிப்பிகளைச் சூடான கல்லில் வாட்டுவார்கள்; நிறம் அப்போதுதான் ஏறும். சிவப்பு கூடக் கூட விலையும் கூடும். பத்துச் சரம் சேர்ந்த முழுப் பணத்துக்கு 'தஃபுலியே' என்று பெயர். பரிசம் போடவும் சண்டையைத் தீர்த்து வைக்கவும் அது வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு முழுப் பணம் எதற்கு? அதே மணிகளில் செய்த ஒற்றைச் சர மாலை, காதணி எல்லாம் தலைநகர் ஹோனியாராவின் மையச் சந்தையிலேயே கிடைக்கும். அந்தச் சந்தை கடற்கரையை ஒட்டி மெண்டானா நிழற்சாலையில் இருக்கிறது. சனிக்கிழமை காலை கூட்டம் நெரியும்.

மேற்கு மாகாணத்தின் மரோவோ காயல் மரச்சிற்பிகளின் ஊர். கருங்காலி, ரோஸ்வுட், 'கெரசின் மரம்' என்று அவர்கள் சொல்லும் மரம் ஆகியவற்றில் சுறா, நண்டு, ஆவி உருவங்கள், கிண்ணங்கள் செய்கிறார்கள். 'நுசுநுசு' என்பது பழைய போர்ப் படகின் முன்முனையில் நீர்மட்டத்தை ஒட்டிக் கட்டும் தலை. தாடை நீண்டிருக்கும், கையில் வெட்டிய தலையோ புறாவோ இருக்கும். அந்த நாட்டின் ஒரு டாலர் நாணயத்திலும் அது உண்டு. மரோவோவில் பெரும்பான்மையினர் ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்கள். வெள்ளி மாலை சூரியன் மறைந்ததிலிருந்து சனி மாலை வரை யாரும் எதையும் விற்கமாட்டார்கள். ஹோனியாராவில் எதை வாங்கவும் நல்ல நாளான சனிக்கிழமை, மரோவோவில் ஒன்றுக்கும் ஆகாது.

வனுவாட்டுவில் ஆம்ப்ரிம் தீவின் நிமிர்த்தி நட்ட பிளவு முரசுகள் பேர்போனவை. ஒரே மரத்தைக் குடைந்து, மேலே வட்டக் கண்களோடு முகம் செதுக்கியிருப்பார்கள். நம் விமானப் பெட்டிக்குச் சின்ன அளவுதான் தோது. இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். ஆம்ப்ரிமில் எந்த உருவத்தை யார் செதுக்கலாம் என்பது ஊர்வழக்கப்படி உரிமை. ஒருவர் பன்றிகளைக் கொடுத்து, சடங்கு செய்து, படிநிலையில் ஏறித்தான் அந்த வடிவத்துக்கான உரிமையைப் பெறுகிறார். உரிமை இல்லாதவர் செதுக்கி விற்றால் ஊரில் வழக்கு வரும். வாங்கும்போது "இதைச் செய்தவர் யார், எந்த ஊர்?" என்று கேட்பது வெறும் ஆர்வத்துக்காக மட்டும் அல்ல என்பது இதிலிருந்து புரியும்.

பெந்தெகோஸ்ட் தீவின் சிவப்புச் சாயப் பாய்கள், ஃபுத்துனா தீவின் நெருக்கமாக முடைந்த கூடைகள், பன்றியின் வளைந்த கோரைப்பல் ஆகியவையும் பார்க்க வேண்டியவை. தலைநகர் போர்ட் விலாவின் கடற்கரைச் சந்தையில் கிழங்கும் வாழையும் ஓலைக் கூடையோடு சேர்த்தே விற்கும். உள்ளூர்க் கைவினைக்கு மட்டும் என்று 'ஹவுஸ் ப்லோங் ஹாண்டிகிராஃப்ட்' என்ற கூடமும் தொடங்கினார்கள். 2024 டிசம்பர் நிலநடுக்கத்தில் நகரின் மையப்பகுதி அடிபட்டதால் கடைகள் இடம் மாறியிருக்கலாம். தங்கும் விடுதியில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஃபிஜி எல்லாவற்றிலும் எளிது, ஆகவே ஏமாறுவதும் எளிது. 'மாசி' எனப்படும் மரப்பட்டைத் துணியை வத்துலேலே, மோதே போன்ற தீவுகளில் காகித மல்பெரிப் பட்டையைத் தட்டித் தட்டி அகலமாக்கிச் செய்கிறார்கள். யங்கோனா என்ற வேரில் செய்யும் பானத்தைக் கலக்கும், நாலோ அதற்கு மேலோ கால் வைத்த 'தானோவா' கிண்ணத்துக்கு லாவ் தீவுக்கூட்டத்தின் கம்பாரா பெயர்பெற்றது. வெசி மரத்தில் செய்தது கனமாக இருக்கும். தாழை ஓலைப் பாய்கள் எங்கும் கிடைக்கும். சிங்கடோகா பக்கம் நக்கம்புத்தா ஊர்ப் பெண்கள் சக்கரம் இல்லாமல் பானை செய்கிறார்கள். ஊருக்குள் போவதாக இருந்தால் ஒரு கட்டு யங்கோனா வேர் வாங்கிக்கொண்டு போய்த் தலைவரிடம் கொடுப்பதுதான் முறை. 'செவுசெவு' என்பார்கள். நாண்டியிலோ சிங்கடோகாவிலோ சந்தையிலேயே காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். 'வாக்கா' என்பது வேர், விலை கூடுதல். 'லெவெனா' என்பது அடித்தண்டு.

நாண்டி பிரதான வீதியின் தெற்குக் கோடியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் நிற்கிறது. இன்றைய கட்டடம் 1994-ல் எழும்பியது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தமிழர், தெலுங்கர், மலையாளிகளின் வழி வந்தவர்கள் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். சந்தையில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஆனால் தமிழில் பேசினால் பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்; பலரும் பேசுவது ஃபிஜி இந்தி.

நியூ கலிடோனியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நூமேயாவின் போர்ட் மொசேல் சந்தை நீலக் கூரைகளால் அடையாளம் தெரியும். காலையில் மட்டும் நடக்கும், திங்கள் விடுமுறை. அங்குள்ள பூர்வகுடிகளான கனாக் மக்களின் கூரை உச்சிச் சிற்பத்தின் சிறு வடிவங்கள் கிடைக்கும். விலைவாசி மற்ற தீவுகளைவிட ரொம்பவே அதிகம்.

படி 3: வாங்குவதற்கு முன் அருங்காட்சியகம்

சந்தைக்கு முதல் நாள் அருங்காட்சியகம் போய்விடுங்கள். சுவாவில் தர்ஸ்டன் தோட்டத்துக்குள் ஃபிஜி அருங்காட்சியகம், போர்ட் மோர்ஸ்பியில் வைகானியில் தேசிய அருங்காட்சியகம், ஹோனியாராவில் தேசிய அருங்காட்சியகம், போர்ட் விலாவில் பண்பாட்டு மையம், நூமேயாவில் 1998-ல் திறந்த திஜிபாவு மையம். நல்ல வேலைப்பாடு எப்படி இருக்கும் என்று ஒருமுறை கண்ணுக்குப் பழகிவிட்டால், மறுநாள் கடையில் அவசர வேலை தானாகத் தெரிந்துவிடும். பொருள் விற்கும் பகுதி இருந்தால் ஒட்டியிருக்கும் விலைகளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், சந்தையில் உங்களுக்கு அதுதான் அளவுகோல்.

படி 4: பணமும் நாளும்

ரூபாயை எங்கும் மாற்ற முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய டாலர் கொண்டுபோனால் தலைநகரங்களில் சிரமம் இல்லை. கீனா, வாத்து, சாலமன் டாலர், ஃபிஜி டாலர் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் தனிப் பணம்; ஒரு நாட்டில் மிஞ்சியதை அடுத்த நாட்டில் மாற்றுவதும் லேசில் நடக்காது. ஏடிஎம் நகரத்தில்தான், தீவுக்குப் படகேறும் முன்பே எடுத்துவிட வேண்டும். சிறு நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். காலையில் முதல் விற்பனை செய்யும் பெண்ணிடம் பெரிய நோட்டை நீட்டினால் அவர் பக்கத்துக் கடைகளில் எல்லாம் சில்லறைக்கு அலைய வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையை மறந்துவிடுங்கள். தேவாலயம், குடும்பச் சாப்பாடு, தூக்கம், அவ்வளவுதான். சுற்றுலாக் கப்பல் வரும் நாளில் போர்ட் விலா, சுவா கடைகள் நிரம்பி வழியும், விலையும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். கப்பல் அட்டவணையைப் பார்த்து மறுநாள் போனால் கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும்.

படி 5: சந்தைக்குள் நடந்துகொள்ளும் விதம்

முதலில் முகம் பார்த்து வணக்கம். ஃபிஜியில் "புலா", பிரெஞ்சு பேசும் நியூ கலிடோனியாவில் "போன்ஜூர்", மற்ற இடங்களில் "மோர்னிங்" போதும். பொருளைத் தொட்ட பிறகு வணக்கம் சொல்வது மரியாதையாக இராது. பப்புவா நியூ கினியில் விலை கேட்க "ஹமஸ் லோங் திஸ்பெலா?", வனுவாட்டுவில் "ஹமஸ் லோங் ஹெமியா?", ஃபிஜியில் "எ விதா?". நன்றிக்கு முறையே "தெங்க்யூ த்ரு", "தங்க்யூ துமஸ்", "வினாக்கா". இவ்வளவு தெரிந்தாலே சிரிப்போடு பேசுவார்கள்.

பொருள்கள் பெரும்பாலும் தரையில், ஓலைப்பாய் மேல் பரப்பியிருக்கும். தாண்டிப் போகாதீர்கள், சுற்றிப் போங்கள். உணவுப் பொருள் மேலோ உட்கார்ந்திருப்பவர் மேலோ கால் தாண்டுவதை அங்கே பல சமூகங்கள் பெரிய அவமதிப்பாகக் கருதுகின்றன. படம் எடுக்கும் முன் கேளுங்கள். வாங்காமல் வெறும் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களை யாருக்கும் பிடிக்காது, நியாயம்தானே.

பப்புவா நியூ கினியிலும் சாலமனிலும் பாக்கு போடும் பழக்கம் நமக்குப் புரியும். பல இடங்களில் வெற்றிலைக்குப் பதில் வெற்றிலைக் கொடியின் காயைச் சுண்ணாம்பில் தொட்டுக் கடிப்பார்கள். சுண்ணாம்பு வைக்கும் சுரைக்குடுக்கையும், அதில் விட்டு எடுக்கும் செதுக்கிய குச்சியும் நல்ல வாங்கல். சுண்ணாம்பைக் கொட்டிக் கழுவிவிட்டு எடுத்து வாருங்கள். போர்ட் மோர்ஸ்பி, லாய் நகரங்களில் தனியாகச் சந்தைக்குப் போக வேண்டாம். உள்ளூர் ஆள் ஒருவரோடு, காலை நேரத்தில், கைப்பேசியைக் கையில் ஆட்டிக்கொண்டிருக்காமல் போய் வாருங்கள்.

சுவா, நாண்டி வீதிகளில் ஒருவர் நட்பாகப் பேசி உங்கள் பெயரைக் கேட்பார். கேட்டுக்கொண்டே ஒரு மர வாளிலோ முகமூடியிலோ அந்தப் பெயரைச் செதுக்கிவிடுவார். பிறகு "உங்களுக்காகத்தான் செய்தேன்" என்று பணம் கேட்பார். பெயரைச் சொல்லாமல் புன்னகைத்து நடையைக் கட்டுங்கள்.

படி 6: கையில் எடுத்துச் சோதித்தல்

பிலும் பையை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். கண்ணிகள் ஒரே அளவாக இருக்க வேண்டும். அடிப்பகுதியில் தொடங்கிய இடமும் பிடி சேரும் இடமும் தளர்ந்திருந்தால் வேண்டாம். உள்ளே கை விட்டு இழுத்துப் பாருங்கள். பை நீளத்தான் செய்யும், கனம் ஏற்றினால் இன்னும் நீளும். குட்டையாகத் தெரிவதைத் தோளில் மாட்டிப் பார்த்தால் போதுமான அளவாக இருக்கும்.

கருங்காலி என்று சொல்லி விற்கும் சிற்பத்தை ஈரமான வெள்ளைத் துணியால் அடியில் அழுத்தித் துடையுங்கள். துணி கருத்தால் அது காலணி மெருகு. வெளிர் மரத்துக்குக் கருப்புப் பாலிஷ் போட்டு விற்பது சாலமனிலும் பப்புவா நியூ கினியின் திரோப்ரியாண்ட் தீவுகளிலும் வெகு சாதாரணம். அதை வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை, கருங்காலி விலைக்கு வாங்க வேண்டாம் என்கிறேன். அப்புறம் ஊசிமுனைத் துளைகளைத் தேடுங்கள். துளையைச் சுற்றி மாவு போலத் தூள் உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே குடியிருக்கிறது. மரப்பட்டை ஒட்டியிருந்தாலும் சுங்கத்தில் தகராறு.

மாசித் துணியை வெளிச்சத்தில் பார்த்தால் நார் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது தெரியும். கருப்பு நிறம் விளக்குக் கரியிலிருந்தும் பழுப்பு மண்ணிலிருந்தும் மரப்பட்டையிலிருந்தும் வருவது. சின்னச் சின்ன ஒட்டுகள் குறை அல்ல, பட்டை அப்படித்தான் கிழியும். துணியின் ஒவ்வொரு சதுரமும் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல இருந்தால் அது அச்சடித்ததுதான்.

ஃபிஜியிலும் வனுவாட்டுவிலும் சிப்பி மாலை, தேங்காய் ஓட்டுப் பொருள், வண்ணம் பூசிய மர ஆமை என்று இறக்குமதிச் சரக்கு நிறைய உலவுகிறது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஐம்பது ஆமைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அவை வேறு நாட்டிலிருந்து பெட்டியில் வந்தவை. ஃபிஜியில் உள்ளூர்ப் பொருளுக்கு 'ஃபிஜியன் கிராஃப்டட்' என்ற அரசு முத்திரை உண்டு. முத்திரை இல்லாததெல்லாம் போலி என்றும் சொல்ல முடியாது; ஊர்ப்பெண் ஒருவர் பாய் முடைந்து எடுத்து வந்தால் அவர் எங்கே போய் முத்திரை வாங்குவார்?

படி 7: விலை பேசுதல், பேசாமலிருத்தல்

நமக்குக் கஷ்டமான படி இதுதான். மெலனீசியாவின் பெரும்பகுதியில் பேரம் பேசும் வழக்கம் இல்லை. காய்கறியும் பழமும் குவியல் குவியலாக வைத்திருப்பார்கள், குவியலுக்கு ஒரு விலை, அவ்வளவுதான். வனுவாட்டுவில் கைவினைக்கும் அதே கதை. சொன்ன விலையில் பாதியைக் கேட்டால் அவர் சண்டை போடமாட்டார், கூனிப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உங்கள் பணத்துக்காக அல்ல, தன் வேலையை நீங்கள் மதிக்கவில்லை என்பதற்காக.

பப்புவா நியூ கினியிலும் சாலமனிலும் ஒரு நடுவழி இருக்கிறது. சிற்பம் போன்ற விலை கூடிய பொருளுக்கு, விலையைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, மெதுவாக "செக்கன் பிராய்ஸ்?" என்று ஒருமுறை கேட்கலாம். இரண்டாம் விலை என்று பொருள். அவர் யோசித்து ஒன்று சொல்வார். அதற்கு வாங்குங்கள், அல்லது நன்றி சொல்லி நகருங்கள். மூன்றாவது விலைக்கு நச்சரிக்காதீர்கள். ஒரே ஆளிடம் மூன்று நான்கு பொருள் எடுத்தால் அவரே ஒரு சின்னக் கிண்ணத்தைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு.

ஃபிஜியின் நகரக் கடைகளில், குறிப்பாக இந்திய வம்சாவளியினர் நடத்தும் கடைகளில், பேரம் சரளமாக நடக்கும். அங்கே உங்கள் திறமையைக் காட்டலாம். டாக்சி ஓட்டுநரோ வழிகாட்டியோ கூட்டிப்போகும் கடையில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

படி 8: சீட்டும் விவரமும்

பணம் கொடுத்ததும் வேலை முடியவில்லை. கையால் எழுதிய ஒரு ரசீது வாங்குங்கள். பொருளின் பெயர், மரத்தின் அல்லது சிப்பியின் பெயர், செய்தவர் ஊர், தேதி, விலை. எழுதத் தயங்கினால் நீங்களே எழுதிக் கையெழுத்து மட்டும் கேட்கலாம். அவர் சம்மதித்தால் பொருளோடு அவரை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "இது புதிது, சந்தையில் வாங்கியது" என்று அதிகாரியிடம் காட்ட இதைவிட நல்ல சான்று இல்லை.

பட்டியலில் உள்ள உயிரினப் பொருள் என்றால் அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் துறையின் அனுமதிச் சீட்டு புறப்படும் முன்பே கையில் இருக்க வேண்டும். கடைசி நாள் வாங்கி, விமான நிலையத்தில் பெறலாம் என்பது நடக்காது. ஆகவே சீட்டு தேவைப்படும் பொருளைப் பயணத்தின் தொடக்கத்தில் வாங்குங்கள், தேவைப்படாததைக் கடைசிக்கு வையுங்கள்.

படி 9: கட்டுதல், வழியில் இறங்குதல், ஊர் சேருதல்

எல்லாவற்றையும் பல் துலக்கும் பழைய தூரிகையால் தேய்த்து மண், பாசி, சிலந்திக்கூடு போகச் சுத்தம் செய்யுங்கள். பன்றிப் பல்லில் சதை ஒட்டியிருக்கக் கூடாது. வைக்கோல், காய்ந்த இலை, வாழைநார் கொண்டு பொருளைச் சுற்றாதீர்கள். உங்கள் துணிமணியே போதும். பிலும் பைக்குள் மென்மையானவற்றைத் திணித்தால் இரண்டும் சேதமில்லாமல் வரும். மாசியை மடித்தால் மடிப்பில் கோடு விழும், குழாயில் சுருட்டி எடுத்து வாருங்கள். ஈட்டி, கைத்தடி, கதாயுதம் மாதிரியானவை கைப்பெட்டியில் அனுமதி இல்லை. பெரிய ஈட்டியைச் சில சிற்பிகள் மூன்று துண்டாகக் கழற்றும்படியே செய்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பொதுவாக சிங்கப்பூர் வழியாகவோ ஆஸ்திரேலியா வழியாகவோ திரும்புவார்கள். சிட்னியிலோ பிரிஸ்பேனிலோ குடிநுழைவைத் தாண்டி வெளியே வருவதாக இருந்தால் உயிரியல் பாதுகாப்புப் பரிசோதனை மிகக் கடுமை. வருகை அட்டையில் மரம், சிப்பி, நார் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று குறியிடுங்கள். சொல்லிவிட்டுக் காட்டினால் பெரும்பாலும் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். வண்டுத் துளை இருந்தால் உங்கள் செலவில் புகைபோட்டுத் தருவார்கள், அல்லது அழிக்கச் சொல்வார்கள். சொல்லாமல் மாட்டினால் அபராதம். விதை கோத்த மாலைதான் அங்கே அதிகம் சிக்குவது. அதே விதை மாலைக்கும், பதப்படுத்தாத தாவரப் பொருளுக்கும் இந்தியாவிலும் தாவரத் தொற்றுத்தடுப்பு விதிகள் உண்டு, ஆகவே சிப்பி மணியா விதை மணியா என்று தயங்கினால் சிப்பியை எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சின்ன மரப்பொருளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உறைபெட்டியில் சில நாள் வையுங்கள், வண்டு முட்டை இருந்தாலும் செத்துவிடும். பிறகு பையைப் பிரிக்காமலே அறை வெப்பத்துக்கு வரவிட்டுத்தான் திறக்க வேண்டும், இல்லையென்றால் நீர் கோத்துக் கறை படியும். கடல்காற்றில் வளர்ந்த மரம் குளிர்சாதன அறையில் சட்டென்று உலர்ந்தால் வெடிக்கும். முதல் சில மாதம் குளிர்சாதனத்துக்கு நேரே வைக்காமல், வெயில் படாத சுவரோரமாக வையுங்கள். நார் பிலும் அழுக்கானால் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்தினால் போதும், இயந்திரத்தில் போட வேண்டாம்.